ஐந்து தேர்தல், ஐந்து தோல்வி: ராய்லா ஒடிங்காவைக் கென்யா ஏன் கொண்டாடியது?

கேள்வி: 2025 அக்டோபரில் கேரளத்தில் காலமான கென்யத் தலைவர் ராய்லா ஒடிங்கா, அதிபர் தேர்தலில் ஐந்து முறை நின்று ஐந்து முறையும் தோற்றவர். யாரை எதிர்த்தாரோ அவர்களுடனேயே பின்னர் கைகோத்தவர். அவரை எதிர்க்கட்சித் தலைவர் என்று எப்படிச் சொல்வது? அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு ஏன் அத்தனை கூட்டம்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு செய்திகளும் சரியானவையே. 1997, 2007, 2013, 2017, 2022 ஆகிய ஐந்து தேர்தல்களிலும் அவர் தோற்றதாகவே அதிகாரபூர்வ முடிவுகள் சொல்கின்றன. 1978 முதல் அவர் இறந்த நாள்வரை கென்யாவை ஆண்ட அதிபர்கள் நால்வர்: டேனியல் அராப் மோய், ம்வாய் கிபாகி, உஹுரு கென்யாட்டா, வில்லியம் ரூட்டோ. இந்த நால்வரையும் அவர் எதிர்த்திருக்கிறார். நால்வரோடும் ஏதோ ஒரு கட்டத்தில் உடன்பாடும் செய்துகொண்டிருக்கிறார். இதை மட்டும் வைத்துக்கொண்டு அவரைச் சந்தர்ப்பவாதி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒவ்வொரு உடன்பாட்டையும் தனித்தனியே எடுத்து, அதில் நாட்டுக்கு என்ன கிடைத்தது, எதிர்க்கட்சி என்ற அமைப்புக்கு என்ன போயிற்று என்று பார்த்தால்தான் அந்த மனிதர் பிடிபடுவார்.

கதையை அவருடைய தந்தையிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஜராமோகி ஒகிங்கா ஒடிங்கா, விடுதலை பெற்ற கென்யாவின் முதல் துணை அதிபர். பின்னாளில் நாட்டின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டாவை ஆங்கிலேயர்கள் சிறையில் வைத்திருந்த காலத்தில், அவரை விடுவிக்காமல் ஆட்சிப் பேச்சே கூடாது என்று வற்புறுத்தியவர்களில் முதன்மையானவர். அதே கென்யாட்டாவோடு நிலப் பங்கீட்டிலும் வெளியுறவுக் கொள்கையிலும் முரண்பட்டு, 1966-இல் பதவியைத் துறந்து கென்ய மக்கள் ஒன்றியம் என்ற கட்சியைத் தொடங்கினார். 1969 அக்டோபரில் கிசுமு நகரில் ஒரு மருத்துவமனைத் திறப்பு விழாவுக்குக் கென்யாட்டா வந்தபோது கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பியது. காவலர்கள் சுட்டதில் பலர் மாண்டனர். கட்சி தடை செய்யப்பட்டது. ஜராமோகி சிறையில் அடைக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில்தான் லுவோ இனத்தின் இன்னொரு பெருந்தலைவரான டாம் எம்போயா நைரோபித் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மேற்குக் கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் லுவோ மக்களிடம் தாங்கள் ஆட்சியிலிருந்து திட்டமிட்டே விலக்கி வைக்கப்பட்டோம் என்ற உணர்வு வேரூன்றியது அந்த ஓராண்டில்தான். ராய்லாவின் பின்னால் அந்த மக்கள் அரை நூற்றாண்டு அசையாமல் நின்றதற்கு அவருடைய பேச்சாற்றல் மட்டும் காரணமல்ல.

1945 ஜனவரி 7-இல் மசேனோவில் பிறந்த ராய்லா, பதினேழு வயதில் அன்றைய கிழக்கு ஜெர்மனிக்குப் படிக்கச் சென்றார். லைப்சிக்கில் மொழி பயின்று, மாக்டபுர்க்கில் இயந்திரப் பொறியியல் முடித்து, 1970-இல் நாடு திரும்பினார். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டே, பிற்காலத்தில் ஈஸ்ட் ஆஃப்ரிக்கன் ஸ்பெக்டர் என்று பெயர் பெற்ற, சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினார். பிறகு கென்யத் தர நிர்ணய அமைப்பில் சேர்ந்து அதன் துணை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். மூத்த மகனுக்கு ஃபிடல் என்று பெயர் வைத்த இடதுசாரி, அதே காலத்தில் தொழிலதிபராகவும் இருந்தார் என்பதை அவருடைய எதிரிகள் கடைசிவரை சுட்டிக்காட்டினார்கள். அவருக்கு அது ஒரு முரணாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

1982 ஜூனில் மோய் அரசு அரசியலமைப்பைத் திருத்தி, ஆளுங்கட்சியான கானு ஒன்றே நாட்டின் சட்டபூர்வக் கட்சி என்று அறிவித்தது. ஜராமோகி புதுக்கட்சி தொடங்க முயன்றதே அதற்கு உடனடிக் காரணம். ஆகஸ்ட் 1-ஆம் தேதி விமானப் படையின் இளநிலை வீரர்கள் ஆட்சியைப் பிடிக்க முயன்று சில மணி நேரத்தில் தோற்றார்கள். ராய்லா மீது தேசத்துரோக வழக்குப் போடப்பட்டது. பின்னர் வழக்கைக் கைவிட்டு, விசாரணையே இல்லாமல் ஆறு ஆண்டுகள் அடைத்து வைத்தார்கள். 1984-இல் அவருடைய தாய் இறந்தார். அந்தச் செய்தியைச் சிறை அதிகாரிகள் அவரிடம் சொல்ல இரண்டு மாதங்கள் ஆயின. 1988 பிப்ரவரியில் விடுதலை, அதே ஆண்டிலேயே மீண்டும் கைது, 1989 ஜூனில் விடுதலை, 1990 ஜூலையில் மூன்றாம் முறை கைது. ஆசிரியையாக இருந்த மனைவி ஐடாவின் வேலையும் இடையில் பறிபோனது.

அந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் அவருக்கு உண்மையிலேயே பங்கு இருந்ததா என்று கேட்பீர்கள். முதலில் மறுத்தார். 2006-இல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாறு, அவர் முன்பு ஒப்புக்கொண்டதைவிட அதிகமாகவே அதில் ஈடுபட்டிருந்தார் என்று காட்டியது. அவர்மீது மறுபடி வழக்குத் தொடர வேண்டும் என்று அப்போது சிலர் கிளம்பினார்கள். ஆகவே அவரைப் பழிபாவம் அறியாத அரசியல் கைதியாக மட்டும் வரைவது பொருந்தாது. அதற்காக விசாரணையற்ற சிறை நியாயமாகிவிடாது.

மூன்றாவது கைதுதான் வரலாற்றில் பெரிது. 1990 ஜூலை 7-இல் நைரோபியின் கமுகுஞ்சி திடலில் பல கட்சி ஆட்சி முறை கேட்டுக் கூட்டம் நடத்தப்போவதாக முன்னாள் அமைச்சர்களான கெனத் மட்டிபாவும் சார்லஸ் ரூபியாவும் அறிவித்திருந்தார்கள். ஏழாம் மாதம் ஏழாம் நாள் என்பதால் சபா சபா, அதாவது ஏழு ஏழு, என்றே அந்த நாளைக் கென்யர்கள் இன்றும் அழைக்கிறார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பே அந்த இருவரையும் ராய்லாவையும் பிடித்து உள்ளே போட்டார்கள். தடையை மீறிக் கூட்டம் கூடியது, காவல்துறை தாக்கியது, உயிர்கள் போயின. 1991 ஜூனில் வெளியே வந்த ராய்லா, மறுபடி கைதாகலாம் என்ற நிலையில் பாதிரியார் வேடமிட்டு ஏரி வழியாக உகாண்டாவுக்குத் தப்பி, அங்கிருந்து நார்வே சென்றார். உதவி தரும் நாடுகள் பணத்தை நிறுத்தி வைத்த நிலையில், அந்த ஆண்டு டிசம்பரில் மோய் இறங்கி வந்தார். ஒரே கட்சி என்ற பிரிவு நீக்கப்பட்டது.

அடுத்து நடந்தது எதிர்க்கட்சிகளுக்கே உரிய சோகம். மோயை வீழ்த்தத் திரண்ட ஃபோர்ட் இயக்கம், தேர்தலுக்கு முன்பே ஜராமோகி அணி, மட்டிபா அணி என்று உடைந்தது. கிபாகி தனிக்கட்சியில் நின்றார். 1992 தேர்தலில் மோய் பெற்றது ஏறத்தாழ 36 விழுக்காடு வாக்குகள்தான். எதிர்த்தவர்கள் மீதியைப் பிரித்துக்கொண்டதால் வென்றார். அந்தத் தேர்தலில் ராய்லா நைரோபியின் லாங்காட்டா தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். கிபேரா என்ற பெரும் குடிசைப் பகுதி அன்று அந்தத் தொகுதிக்குள் இருந்தது. 1994-இல் தந்தை இறந்ததும் கட்சித் தலைமைக்கு மைக்கேல் வமல்வாவோடு போட்டியிட்டுத் தோற்றார். கட்சியை விட்டு விலகினார். பதவியையும் துறந்து, டிராக்டர் சின்னம் கொண்ட தேசிய வளர்ச்சிக் கட்சியின் சார்பில் இடைத்தேர்தலில் நின்று அதே தொகுதியில் வென்றார். கட்சி மாறுபவர்கள் பதவியை விடாமல் ஒட்டிக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம் என்பதால் இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

1997-இல் அவர் நின்ற முதல் அதிபர் தேர்தல். ஏறத்தாழ 11 விழுக்காடு வாக்குகளோடு மூன்றாம் இடம். இங்கே அவர் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டார். கிகுயு, லுஹ்யா, கலென்ஜின், லுவோ, காம்பா என்ற பெரிய இனங்கள் ஒவ்வொன்றும் தன் தலைவரின் பின்னால் நிற்கும் நாட்டில், பத்து விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலான மக்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எத்தனை முறை நின்றாலும் வெல்ல முடியாது. கூட்டணி வேண்டும், ஒரு பெரிய இனமாவது சேர்ந்து வர வேண்டும். அதன் பிறகு அவர் செய்த ஒவ்வொரு வளைவும் நெளிவும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவையே.

முதல் வளைவு எல்லோரையும் திகைக்க வைத்தது. தன்னைச் சிறையில் வைத்த மோயோடு ஒத்துழைத்தார். 2001-இல் எரிசக்தி அமைச்சரானார். 2002 மார்ச்சில் தன் கட்சியையே கானுவில் கரைத்து அதன் பொதுச்செயலாளரானார். மோய்க்குப் பிறகு தானே வேட்பாளர் என்ற நம்பிக்கையில் சென்றார் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. மோய் தேர்ந்தெடுத்தது ஜோமோ கென்யாட்டாவின் மகனான, அரசியல் அனுபவம் குறைந்த உஹுரு கென்யாட்டாவை. உடனே ராய்லா கானுவுக்குள்ளிருந்த அதிருப்தியாளர்களைத் திரட்டிக்கொண்டு வெளியேறினார். 2002 அக்டோபர் 14-இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் பெருந்திரளின் முன்னால் 'கிபாகி தோஷா' என்றார். கிபாகியே போதும் என்பது பொருள். அதுவரை எதிரணிக்கு யார் தலைமை என்று அடித்துக்கொண்டிருந்தவர்களின் வாயை அந்த இரண்டு சொற்கள் அடைத்தன. டிசம்பரில் கிபாகி ஏறத்தாழ 62 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். நாற்பது ஆண்டுக் கானு ஆட்சி வாக்குச்சீட்டால் முடிந்தது. கானுவுக்குள் ராய்லா நுழையாமல் இருந்திருந்தால் அந்தக் கட்சி அந்த நேரத்தில் அப்படிப் பிளந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

தேர்தலுக்கு முன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவருக்குப் பிரதமர் பதவி உருவாக்கித் தர வேண்டும். கிபாகி தரப்பு அதைக் கிடப்பில் போட்டது. சாலைத் துறை அமைச்சராக இருந்துகொண்டே, அரசு கொண்டுவந்த அரசியலமைப்பு வரைவை எதிர்த்து 2005 பொதுவாக்கெடுப்பில் ராய்லா பிரசாரம் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தேர்தல் ஆணையம் 'ஆம்' என்பதற்கு வாழைப்பழத்தையும், 'இல்லை' என்பதற்கு ஆரஞ்சுப் பழத்தையும் சின்னமாகக் கொடுத்திருந்தது. ஆரஞ்சு 58 விழுக்காடு பெற்று வென்றது. அதன் பெயரிலேயே ஆரஞ்சு ஜனநாயக இயக்கம், சுருக்கமாக ஓடிஎம், என்ற கட்சி பிறந்தது.

இனி 2007. அந்தத் தேர்தலில் ரூட்டோ உட்படப் பல இனத் தலைவர்கள் ராய்லாவோடு நின்றார்கள். இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்த ரிஃப்ட் பள்ளத்தாக்கின் கலென்ஜின் வாக்குகளும் ஏரிக்கரையின் லுவோ வாக்குகளும் ஒன்றாய்ச் சேர்ந்தன. எண்ணிக்கையின் தொடக்கத்தில் ராய்லா முன்னிலையில் இருந்தார். டிசம்பர் 30 மாலை தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டு அறிவித்த முடிவு: கிபாகி 45,84,721, ராய்லா 43,52,993. அறிவிப்பு வந்த சிறிது நேரத்தில், பொழுது சாயும் வேளையில், அதிபர் மாளிகை வளாகத்தில் கிபாகி அவசரமாகப் பதவியேற்றார். சில நாட்களில் கிவுயிட்டுவே, உண்மையில் கிபாகிதான் வென்றாரா என்பது தமக்குத் தெரியாது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். நீதிபதி கிரீக்ளர் தலைமையில் பின்னர் அமைந்த விசாரணைக் குழு, முறைகேடு இரு தரப்பின் கோட்டைகளிலும் நடந்திருப்பதால் வென்றவர் யாரென்று கண்டறியவே முடியாது என்று கூறிவிட்டது.

அறிவிப்பு வந்த இரவே கிசுமு, கிபேரா, எல்டொரெட் எங்கும் தீப்பற்றியது. 1,100-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 6 லட்சம் பேர் வீடிழந்தனர். நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்டவர்களுக்கு, கிபாகி நியமித்த நீதிபதிகளிடம் போய் என்ன பயன் என்று ராய்லா தரப்பு பதில் சொன்னது. அன்றைய நிலையில் அந்த அவநம்பிக்கை பெரும்பான்மையோருக்கு நியாயமாகவே பட்டது. ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் கொஃபி அன்னானின் நடுவாண்மையில் 2008 பிப்ரவரி 28-இல் இருவரும் அதிபரின் அலுவலகமான ஹரம்பி மாளிகையின் வாசலில் உட்கார்ந்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதன்படி ஏப்ரல் 17-இல் ராய்லா பிரதமரானார். பாதி ரொட்டி என்ற பொருளில் 'நுசு ம்கடே' அரசு என்று மக்கள் கேலி செய்த கூட்டாட்சி அது. இந்த வன்முறையில் ராய்லாவின் பொறுப்பு என்ன என்ற கேள்வி அவரை விட்டு நீங்கவே இல்லை. ஹேக் நகரப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் குற்றம் சாட்டியது உஹுரு, ரூட்டோ உள்ளிட்டவர்கள் மீதுதான், ராய்லா மீதல்ல. ஆயினும் தெருவுக்கு வரச் சொன்னவர் என்ற முறையில், தெருவில் நடந்தவற்றில் அவருக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பாதி ரொட்டியிலிருந்துதான் 2010 அரசியலமைப்பு வந்தது. ஆகஸ்ட் 4 பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 67 விழுக்காடு ஆதரவு. 47 மாவட்ட அரசுகள். நாட்டின் வருவாயில் குறைந்தது 15 விழுக்காடு அவற்றுக்கு. அதிபராக வேண்டுமானால் பாதிக்கு மேல் வாக்குகளும், பாதிக்கு மேற்பட்ட மாவட்டங்களில் குறைந்தது கால்பங்கு வாக்குகளும். அதிபர் தேர்தல் வழக்குகளை விசாரிக்க உச்ச நீதிமன்றம், அது அவற்றில் பதினான்கு நாட்களில் தீர்ப்பளிக்க வேண்டும். கிசுமு போன்ற ஊர்களில் இன்று சாலையும் சந்தையும் நைரோபியின் தயவை எதிர்பார்க்காமல் கட்டப்படுகின்றன என்றால் அந்த 47 அரசுகள்தான் காரணம். இதை ராய்லா ஒருவரே சாதித்தார் என்பது மிகை. ஆனால் அவருடைய அழுத்தம் இல்லாமல் அது அந்த வடிவில் வந்திருக்காது என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதே அரசியலமைப்பில் அவர் தமக்கே ஒரு குழியும் வெட்டிக்கொண்டார். 2010 ஜனவரியில் நைவாஷாவில் கூடிய நாடாளுமன்றக் குழு பிரதமர் பதவியை நீக்கி, முழு அதிபர் முறையை ஏற்றது; ஓடிஎம் உறுப்பினர்களும் அதற்கு உடன்பட்டார்கள். அடுத்த தேர்தலில் தாமே வெல்வோம் என்ற துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. அதிபர் பதவிக்கு நிற்பவர் நாடாளுமன்றத் தொகுதியில் நிற்கக் கூடாது என்பதும் விதியாயிற்று. விளைவு என்ன? அதிபர் தேர்தலில் இரண்டாம் இடம் பெறுபவருக்கு, நாட்டின் பாதிப் பேர் வாக்களித்திருந்தாலும், மறுநாள் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. எதிர்க்கட்சித் தலைவர் என்று நாம் சொல்லும் பதவி நாடாளுமன்றத்தில் வேறொருவரிடம் இருக்கும். 2013-க்குப் பிறகு ராய்லாவின் முன் நீதிமன்றம், தெரு, ஆள்பவரோடு பேரம் என்று மூன்று வழிகள்தான் மிஞ்சின. மூன்றையும் அவர் மாறி மாறிப் பயன்படுத்தினார். தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்த கட்சியின் தலைவர் மறுநாளே சட்டப்பேரவையில் எதிர்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தச் சிக்கல் சட்டென்று புலப்படாது.

2013 தேர்தலில் ரூட்டோ எதிரணிக்குப் போயிருந்தார். பிரதமராக ராய்லா முன்னின்று நடத்திய மாவ் காட்டு வெளியேற்றத்தில் வீடிழந்தவர்களில் பலர் கலென்ஜின்கள். ஆறுகளின் ஊற்றுக்கண்ணான காட்டைக் காக்க அது தேவையான நடவடிக்கைதான் என்றாலும், அதற்கான விலையை வாக்குப்பெட்டியில் கொடுத்தார். உஹுரு 50.07 விழுக்காடு பெற்று, வேண்டிய பாதியை மிகச் சொற்ப வாக்குகளில் தாண்டினார். உச்ச நீதிமன்றம் ராய்லாவின் மனுவைத் தள்ளியது. ஏற்கவில்லை, ஆனால் கட்டுப்படுகிறேன் என்ற நிலையில் அவர் நின்றார். 2007-இல் நீதிமன்றத்தைப் புறக்கணித்தவர் 2013-இல் அதன் படியேறியதே ஒரு மாற்றம்.

2017-இல் அதன் பலன் கிடைத்தது. தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு ஆணையத்தின் கணினிப் பிரிவு மேலாளர் கிறிஸ் எம்சாண்டோ சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 8 வாக்கெடுப்பில் உஹுரு 54 விழுக்காடு பெற்றதாக அறிவித்தபோது, வாக்குச்சாவடிகளின் மூலப் படிவங்கள் எல்லாம் ஆணையத்தின் கைக்கு வந்து சேர்ந்திருக்கவே இல்லை. கணினி சர்வர்களைத் திறந்து காட்டச் சொல்லி உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையை ஆணையம் முழுமையாக நிறைவேற்றவில்லை. செப்டம்பர் 1-ஆம் தேதி தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையிலான அமர்வு, நான்குக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், தேர்தலையே செல்லாது என்றது. பதவியிலிருக்கும் அதிபரின் வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது ஆப்பிரிக்காவில் அதுவே முதல் முறை.

அந்த வெற்றியை ராய்லா எப்படிப் பயன்படுத்தினார் என்பதில்தான் எனக்கு அவரோடு வழக்கு. ஆணையத்தைச் சீர்திருத்தாமல் மறுதேர்தல் பயனில்லை என்று சொல்லி அக்டோபர் 10-இல் விலகினார். காரணம் வலுவானதுதான், ஆனால் விலகியதால் உஹுரு 98 விழுக்காடு வாக்குகளோடு, பதிவான வாக்காளர்களில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் மட்டுமே வந்த ஒரு தேர்தலில், தடையின்றி அதிபரானார். ஏரிக்கரையின் நான்கு மாவட்டங்களில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. 2018 ஜனவரி 30-இல் உஹுரு பூங்காவில் ராய்லா தம்மை 'மக்கள் அதிபர்' என்று பதவியேற்பு செய்துகொண்டார். பைபிளைக் கையில் பிடித்து உறுதிமொழி வாசித்தபோது, துணையாக நிற்க வேண்டிய கலொன்சோ முசியோகா உள்ளிட்ட கூட்டணித் தலைவர்கள் மேடையில் இல்லை. நிகழ்ச்சியை ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிலையங்களை அரசு இருட்டடிப்பு செய்தது.

நாற்பது நாட்கள்கூட ஆகவில்லை. மார்ச் 9-ஆம் தேதி அதே ஹரம்பி மாளிகைப் படிகளில் ராய்லாவும் உஹுருவும் சிரித்தபடி கைகுலுக்கினார்கள். ஹேண்ட்ஷேக் என்ற ஆங்கிலச் சொல் அன்று முதல் கென்ய அரசியலில் ஒரு தனிப் பொருள் பெற்றது. பதற்றம் தணிந்தது உண்மை. கடைகள் திறந்தன, முதலீட்டாளர்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் தெருவில் குண்டடி பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்தக் கைகுலுக்கலில் என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. நாடாளுமன்றத்தில் அரசைத் தட்டிக் கேட்கும் குரல் கிட்டத்தட்ட ஓய்ந்தது. கடன் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் எதிர்க்கட்சி அரசுக்கு முட்டுக் கொடுத்தது. இருவரும் சேர்ந்து கொண்டுவந்த பிபிஐ என்ற அரசியலமைப்புத் திருத்தம், பிரதமர் பதவியையும் எதிர்க்கட்சித் தலைவர் பதவியையும் மீண்டும் உருவாக்க முயன்றது. நைவாஷாவில் இழந்த நாற்காலியைத் தேடும் முயற்சி என்று அதை வாசிக்கலாம். அதிபரே மக்கள் முன்முயற்சி என்ற பெயரில் திருத்தம் கொண்டுவர முடியாது என்று உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சொல்லி 2022 மார்ச்சில் அதை முடித்து வைத்தன. ராய்லா பாடுபட்டுக் கொண்டுவந்த அரசியலமைப்புதான் ராய்லாவையே தடுத்தது.

2022-இல் ஆளும் அதிபரின் ஆதரவோடு நின்ற எதிர்க்கட்சிக்காரர் என்ற விசித்திரமான நிலையில் போட்டியிட்டார். அரசின் மீதான கோபம் முழுவதையும், அதே அரசின் துணை அதிபரான ரூட்டோ, தள்ளுவண்டிக்காரர்களின் தோழன் என்ற வேடத்தில் அறுவடை செய்துகொண்டார். ரூட்டோ 71,76,141, ராய்லா 69,42,930. வேறுபாடு 2,33,211. 2007-இல் அறிவிக்கப்பட்ட வேறுபாடு 2,31,728. பதினைந்து ஆண்டு இடைவெளியில் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. ஆனால் இம்முறை 46,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் படிவங்களை ஆணையம் இணையத்தில் ஏற்றியிருந்தது. கைபேசி வைத்திருந்த எவரும் கூட்டிப் பார்க்க முடிந்தது. ஏழு ஆணையர்களில் நால்வர் முடிவை ஏற்க மறுத்தும், உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது. நாடு எரியவில்லை. 2007, 2013, 2017 தோல்விகளில் அவர் தொடுத்த வழக்குகளும் எழுப்பிய சந்தேகங்களும் இல்லாமல் அந்த வெளிப்படைத்தன்மை வந்திருக்காது. கடைசியில் அது அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது என்பது வேறு விஷயம்.

மேடையில் அவர் எப்படி இருப்பார் என்பதையும் சொல்லாவிட்டால் அந்தக் கூட்டம் ஏன் வந்தது என்பது விளங்காது. கூட்டத்தை நோக்கி சுவாஹிலியில் விடுகதை போடுவார். மக்கள் கூச்சலிட்டு விடை கேட்பார்கள். பிறகு வானொலி வர்ணனையாளர் குரலில் ஒரு கற்பனைக் கால்பந்தாட்டத்தை வர்ணிப்பார். பந்தைக் கடத்துபவர்கள், தடுப்பவர்கள் எல்லோரும் அன்றைய அரசியல்வாதிகள். கடைசியில் கோல் அடிப்பது அவருடைய அணியாகத்தான் இருக்கும். எழுபது வயதுக்கு மேலும் அதைச் சலிக்காமல் செய்தார். அப்பா என்ற பொருளில் 'பாபா' என்றே அவரை அழைத்தார்கள், லுவோக்கள் மட்டுமல்ல, மொம்பாசாக் கரையோரத்தவரும் நைரோபிக் குடிசைவாசிகளும்கூட. குடும்பத்தின் செல்வம், மோய் காலத்தில் கைக்கு வந்த கிசுமு மொலாசஸ் ஆலை, கட்சிக்குள் உறவினர்களுக்குக் கிடைத்த முன்னுரிமை, உட்கட்சித் தேர்தல்களின் அலங்கோலம் என்று அவர்மீது உள்ள புகார்கள் கனமானவை. பாபா என்று அழைத்தவர்கள் அவற்றை அறியாதவர்கள் அல்லர்.

2023-இல் விலைவாசியை எதிர்த்து மீண்டும் தெருவுக்கு வந்தார். காலிப் பாத்திரங்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மக்கள் ஊர்வலம் போனார்கள். 2024 ஜூனில் நிதி மசோதாவை எதிர்த்து எழுந்த இளைஞர்கள் அவரைக் கூப்பிடவில்லை. எந்தத் தலைவரையும் கூப்பிடவில்லை. ஜூன் 25-இல் அவர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரூட்டோ மசோதாவைத் திரும்பப் பெற்றார். தடுமாறிய அந்த அரசுக்குக் கைகொடுத்தவர் ராய்லா. ஜான் எம்பாடி நிதியமைச்சரானார். ஓடிஎம்மின் மற்ற மூவரும் அமைச்சரவையில் அமர்ந்தார்கள். 2008 உடன்பாடு ரத்தத்தை நிறுத்தியது. 2018 உடன்பாட்டுக்கும் அப்படியொரு நியாயம் சொல்லலாம். 2024-இல் செய்ததற்கு என்னால் அத்தகைய நியாயம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத் தலைவர் பதவிக்கு ரூட்டோ அரசு அவரை அப்போது முன்னிறுத்திக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் நடந்த அந்தத் தேர்தலிலும் முதல் சுற்றுகளில் முன்னணியில் இருந்து, பின் ஜிபூட்டியின் மஹ்மூத் அலி யூசுஃபிடம் தோற்றார். மார்ச் 7-இல் ரூட்டோவோடு பத்து அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். போராட்டங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு என்பதும் அவற்றில் ஒன்று.

அக்டோபர் 15 காலை, எர்ணாகுளம் மாவட்டம் கூத்தாட்டுக்குளத்தில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த ஆயுர்வேத மருத்துவமனையில் நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்தார். வயது 80. அதே மருத்துவமனையில் முன்பு தம் மகளின் கண் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தவர் அவர். உடல் வந்திறங்கிய நாளில் நைரோபி விமான நிலையத்துக்குள் கூட்டம் புகுந்ததால் விமானப் போக்குவரத்தைச் சில மணி நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. கசரானி விளையாட்டரங்கில் நெரிசலைக் கலைக்கப் பாதுகாப்புப் படையினர் சுட்டதில் துக்கம் கொண்டாட வந்தவர்கள் சிலர் இறந்தார்கள். 19-ஆம் தேதி போண்டோவில் தந்தையின் கல்லறைக்கு அருகே அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

ஆகவே, அவரை எதிர்க்கட்சித் தலைவர் என்று சொல்லலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: 2018 வரை ஐயமின்றிச் சொல்லலாம், அதற்குப் பிந்தைய ஏழு ஆண்டுகளில் 2022-23 என்ற குறுகிய காலம் நீங்கலாகச் சொல்ல முடியாது. கூட்டம் அழுதது முந்தைய காலத்துக்காக. பிந்தைய காலத்தின் விளைவை அவருடைய கட்சி இப்போது சுமக்கிறது. அவர் இறந்த மறுநாளே அண்ணன் ஒபுரு ஒகிங்கா இடைக்காலத் தலைவராக்கப்பட்டார். 2027 ஆகஸ்ட் தேர்தலில் ரூட்டோவோடு தொடர வேண்டும் என்று ஓர் அணியும், அரசிலிருந்து விலகித் தனியே நிற்க வேண்டும் என்று அன்றைய பொதுச்செயலாளர் எட்வின் சிஃபுனாவைச் சார்ந்த அணியும் ஓடிஎம்முக்குள் இழுபறியில் இறங்கின. இரண்டு அணிகளும் தங்கள் பக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது ராய்லாவைத்தான். இரண்டுக்கும் அவருடைய வாழ்க்கையில் வேண்டிய அளவு சான்று இருக்கிறது.